ஓனிஜி என்ற முகம், நகாஸோ என்ற பெயர்: ஒரு கபுகி நடிகரின் கதை

கருப்பு அப்ரகப் பொடி மின்னும் பின்னணி. முன்னோக்கி நீளும் கழுத்து, கீழ்நோக்கி இறுகிய வாய், மூக்குப் பக்கம் ஒதுங்கிய சின்னஞ்சிறு கருவிழிகள். மார்பருகே ஆடையைப் பிளந்துகொண்டு வெளிவருவதுபோல் விரல்கள் விரிந்த இரண்டு கைகள். 1794ஆம் ஆண்டு எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், தோஷூசாய் ஷராகு என்ற ஓவியர் வரைந்து மரப்பலகையில் அச்சான படம் இது. ஜப்பானிய அச்சோவியம் குறித்த நூல்களின் அட்டையிலும் சுவரொட்டிகளிலும் சட்டைகளிலும் இந்த முகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. கபுகி என்ற நாடகக் கலையையே உலகம் இந்த ஒரு முகத்தின் வழியாகத்தான் நினைவு வைத்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

முகத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று அந்தப் படம் சொல்வதில்லை. அதில் இருப்பவை ஓவியரின் கையொப்பமும் பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவின் முத்திரையும் தணிக்கை முத்திரையும் மட்டுமே. உடையில் உள்ள குலச்சின்னத்தையும், அந்த மாத நாடக விளம்பரத் தாள்களையும், அதே நடிகரின் வேறு படங்களையும் ஒப்பிட்டுத்தான் பிற்கால ஆய்வாளர்கள் பெயரைக் கண்டடைந்தார்கள். அப்படிக் கிடைத்த பெயர் ஓத்தானி ஓனிஜி. நாடகப் பாத்திரத்தின் பெயர் எடோபெய்.

படம் வந்து ஆறு மாதம் கழிந்தபோது ஓனிஜி என்ற பெயரை அந்த நடிகர் விட்டுவிட்டார். தன் தொழில் வாழ்க்கையின் மிகப் பெரிய பெயரை அவர் அதன் பிறகுதான் ஏற்றார். ஆனால் உலகம் அவரை அறிந்திருப்பது அவர் கைவிட்ட பெயரால். இந்த முரண்பாடு எப்படி நேர்ந்தது என்று விளக்க, கபுகி நடிகர்களிடம் பெயர் என்பது எப்படிக் கைமாறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கபுகியில் பெயர் ஒரு மனிதருக்கு உரியதல்ல, ஒரு மரபுக்கு உரியது. சிறுவனாக மேடையேறும்போது ஆசிரியரோ தந்தையோ ஒரு சிறு பெயரைத் தருவார். திறமையும் வயதும் கூடும்போது அதைவிடக் கனமான பெயர் வரும். தகுதியும் வாய்ப்பும் ஒன்றுசேர்ந்தால், இறந்துபோன அல்லது ஓய்வுபெற்ற ஒரு பெரும் நடிகரின் பெயரையே ஏற்கலாம். இதற்கு ஷூமேய் என்று பெயர். மேடையில் ரசிகர்கள் முன் மண்டியிட்டு, 'இனி இந்தப் பெயரால் அழைக்கப்படுகிறேன், ஆதரவு தாருங்கள்' என்று முறைப்படி அறிவிப்பார்கள். புதுப் பெயரோடு பழைய நடிகரின் பாத்திரங்கள், நடிப்புப் பாணி, ரசிகர்களின் எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து வரும். தோற்றால் தோல்வி அந்த ஒருவரோடு முடியாது, பெயரின் மீதும் கறை படியும்.

மேடைப் பெயருக்கு வெளியே இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று யாகோ என்னும் இல்லப் பெயர். உச்சக் காட்சியில் ரசிகர்கள் அரங்கிலிருந்து உரக்கக் கூவுவது இதைத்தான். இச்சிகாவா தஞ்சூரோ மரபினருக்கு அது நாரிதாயா. மற்றொன்று ஹைமியோ. நடிகர்கள் ஹைக்கூ மரபில் கவிதை எழுதுபவர்களாகவும் இருந்ததால் வைத்துக்கொண்ட கவிப்பெயர் அது. ஆகவே ஒரே மனிதர் ஒரே ஆண்டில் மூன்று பெயர்களால் அறியப்படலாம், அடுத்த ஆண்டில் மூன்றுமே மாறலாம்.

எடோபெய் தோன்றிய அதே நாடகத்தில், அதே மாதத்தில் நடித்த ஒரு மூத்த நடிகரையே இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அவர் முதலில் மூன்றாம் மட்சுமோட்டோ கோஷிரோ. 1770இல் ஐந்தாம் இச்சிகாவா தஞ்சூரோ ஆனார். 1791இல் தஞ்சூரோ என்ற பெயரை மகனுக்குக் கொடுத்துவிட்டு, மரபின் இன்னொரு பெயரான எபிஸோவைத் தான் எடுத்துக்கொண்டார். முன்னோர்கள் அந்தப் பெயரைப் பெரிய கடல் இறாலைக் குறிக்கும் எழுத்துகளால் எழுதினார்கள். இவரோ தன் தகுதிக்குச் சிறிய இறாலே போதும் என்று வேறு எழுத்தைத் தேர்ந்தார். 1796இல் மேடையை விட்டு விலகியபோது எபிஸோவும் போய், நாரிதாயா ஷிச்சிஸாயெமோன் என்ற பெயர் வந்தது. அந்த உலகில் பெயர் மாற்றம் என்பது ஒருவர் தன் இடத்தை ஊரறியச் சொல்லும் வழி. பணிவைச் சொல்வதற்கும் அதே வழிதான் இருந்தது.

தஞ்சூரோ குடும்பத்துக்கு அதெல்லாம் பிறப்போடு வந்தது. ஓனிஜிக்கு அப்படி எதுவும் வரவில்லை. அவர் மூன்றாம் ஓத்தானி ஹிரோஜியின் மாணவர். ஹிரோஜி வீர வேடங்களுக்குப் பெயர்போன, எடோ மக்கள் நேசித்த நடிகர். மாணவர் முதலில் ஓத்தானி ஹாருஜி என்ற பெயரில் நடித்தார், பிறகு ஓனிஜி ஆனார். இரண்டும் ஹிரோஜி மரபுக்குள் புழங்கிய பெயர்கள்தாம். ஆசிரியர் வீட்டுப் பெயர்களில் ஒரு படி ஏறியிருக்கிறார் என்பதே அதன் பொருள். அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் எதிர்நாயகன் வேடங்கள்: அடியாள், சதிகாரன், கொள்ளைக்காரன்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சில அருங்காட்சியகப் பட்டியல்கள் இவரை மூன்றாம் ஓனிஜி என்கின்றன, சில இரண்டாம் ஓனிஜி என்கின்றன.  இது யாருடைய கவனக்குறைவும் அல்ல. அக்கால விளம்பரத் தாள்களில் பெரும்பாலும் பெயர் மட்டுமே இருக்கும், எத்தனையாவது ஆள் என்ற எண் இருக்காது. எண்களைப் பின்னால் வந்தவர்கள் எண்ணிச் சேர்த்தார்கள். கொஞ்ச காலம் மட்டும் அந்தப் பெயரில் நடித்த ஒருவரைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து வரிசை முழுவதும் ஒன்று கூடும் அல்லது குறையும். தஞ்சூரோ போன்ற பெரும்பெயர்களில் இந்தக் குழப்பம் இல்லை, ஏனெனில் ஒவ்வொரு தலைமுறையும் பதிவாகியிருக்கிறது. சிறு பெயர்களின் வரலாற்றை யாரும் அன்றே எழுதி வைக்கவில்லை. ஒரு நடிகர் எவ்வளவு மறக்கப்பட்டார் என்பதை அவருடைய எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

1794இல் எடோ நாடக உலகம் நல்ல நிலையில் இல்லை. அரசின் உரிமம் பெற்ற நகாமுராஸா, இச்சிமுராஸா, மோரிதாஸா ஆகிய மூன்று பெரிய அரங்குகளும் கடன் சுமையால் மூடிக் கிடந்தன. அவற்றுக்குப் பதிலாக மாற்று உரிமம் கொண்ட மியாகோஸா, கிரிஸா, கவாராஸாகிஸா என்ற மூன்று அரங்குகள் இயங்கின. பழைய சந்திர நாட்காட்டியின்படி அந்த ஆண்டின் ஐந்தாம் மாதத்தில் கவாராஸாகிஸாவில் ஏறிய நாடகம் 'கொய் நியோபோ சொமெவாகெ தஸுனா'. 1751இல் பொம்மலாட்டத்துக்காக எழுதப்பட்டுப் பின் கபுகிக்கு வந்தது. அதில் இப்பேய் என்ற வேலைக்காரன் தன் எஜமானருக்குரிய பணத்தைக் காத்துக்கொண்டு வருகிறான். அதைப் பறிக்க, வாஷிஸுகா ஹச்சிஹெய்ஜி என்ற வில்லன் அனுப்பும் கூட்டத்தின் தலைவன்தான் எடோபெய். கியோட்டோவின் ஷிஜோ ஆற்றங்கரையில் அவன் இப்பேயின் மீது பாய்கிறான்.

அதாவது மொத்த நாடகத்தில் ஒரு வழிப்பறிக்காரன் வேடம். இப்பேயாக நடித்த இச்சிகாவா ஒமெஸோவையும் ஷராகு தனிப் படமாக வரைந்தார். அதில் அவர் கண்கள் சிவந்து வாளை உருவப் பார்க்கிறார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் காட்சி முழுமையாகும். தனித்து நிற்கும்போது எடோபெய் எதைப் பார்த்து அப்படிக் கழுத்தை நீட்டுகிறான் என்பது தெரியாது. அவனுடைய பார்வை இன்னொரு தாளில் இருக்கும் மனிதன் மீது பதிந்திருக்கிறது. இந்த இணையை இன்று ஒன்றாகக் காட்டுவது அரிது என்பது எனக்கு ஆதங்கம்தான்.

அந்த ஆண்டின் பதினோராம் மாதத்தில் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள, அப்போது உயிரோடு இல்லாத ஒருவரின் கதை வேண்டும்.

முதலாம் நகாமுரா நகாஸோ 1736இல் பிறந்தவர். நடிகர் குடும்பத்து ரத்தம் அவருக்கு இல்லை. ஷிகாயாமா நடன மரபைச் சேர்ந்த ஓர் ஆசிரியையின் வீட்டில் வளர்ந்தார். வாரிசுகளால் நிறைந்த ஒரு தொழிலில் வாரிசு அல்லாதவராக நுழைந்தார். அடிமட்ட நடிகர்களின் அறையில் பட்ட அவமானங்களை அவரே பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆற்றில் விழுந்து உயிரை விடப் போனது வரை அந்தக் கதை செல்கிறது. நான்காம் தஞ்சூரோவின் கண்ணில் பட்ட பிறகுதான் அவருக்கு வழி திறந்தது. விளம்பரப் பலகையில் பெயர் இடம்பெறும் நடிகர் என்ற நிலைக்கு வந்தார். வாரிசு அல்லாத ஒருவர் அந்த நிலையை எட்டுவது அன்று பெரும் செய்தி.

1766இல் இச்சிமுராஸாவில் 'கனாதெஹொன் ச்சூஷிங்குரா' நாடகம். நாற்பத்தேழு சாமுராய்களின் பழிவாங்கலைச் சொல்லும் அந்த நாடகத்தில் நகாஸோவுக்குக் கிடைத்தது ஐந்தாம் அங்கத்தின் ஸதாகுரோ என்ற கொள்ளைக்காரன் வேடம் மட்டும். இரவு மழையில் ஒரு கிழவரைக் கொன்று ஐம்பது ரியோ பணத்தைப் பறித்து, அடுத்த நிமிடமே காட்டுப்பன்றிக்கு வைத்த குண்டு பட்டுச் சாகிறவன். அதுவரை அவன் தடித்த பஞ்சு மேலங்கி போட்ட காட்டுக் கொள்ளையனாகத்தான் வந்துபோனான். அந்த அங்கம் வந்தால் ரசிகர்கள் சோற்றுப் பெட்டியைத் திறந்துவிடுவார்கள். அந்த அளவுக்கு அது வெறும் இடைவேளை.

நகாஸோ உடையை மாற்றினார். முகத்துக்கு வெள்ளைப் பூச்சு. தொடை தெரியத் தூக்கிச் செருகிய கருப்புப் பட்டுக் கிமோனோ, கையில் கிழிந்த குடை, தலையிலிருந்து வழியும் நீர். ஸதாகுரோ பிறப்பால் ஓர் உயர்ந்த சாமுராயின் மகன், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவன் என்பது நாடகத்திலேயே இருக்கும் செய்தி. அதை யாரும் உடையில் காட்டியதில்லை. அவர் காட்டினார். மழைக்கு ஒதுங்கிய ஒரு நூடுல்ஸ் கடையில், தொப்பலாக நனைந்து உள்ளே வந்த ஏழைச் சாமுராய் ஒருவனைப் பார்த்துத்தான் இந்தத் தோற்றத்தைப் பிடித்தார் என்று மரபுக் கதை சொல்கிறது. கதைசொல்லிகள் இன்றும் அதை ரகுகோ மேடையில் சொல்லி வருகிறார்கள். கதை எப்படியானாலும் விளைவு உறுதியானது: இன்று வரை கபுகியில் ஸதாகுரோ அந்தக் கருப்பு உடையில்தான் வருகிறான்.

அதன் பிறகு நகாஸோ எடோவின் முதல் வரிசை நடிகர். 1784இல் 'ஸெகி நோ தோ' நடன நாடகத்தில் சோதனைச்சாவடிக் காவலனாக அவர் ஏற்ற வேடம் இன்றும் ஆடப்படுகிறது. இடையில் நடன மரபின் கடமையாகச் சிறிது காலம் நகாயாமா கோஜூரோ என்ற பெயரை ஏற்றுப் பின் நகாஸோவுக்கே திரும்பினார். அவருடைய கவிப்பெயர் ஷூகாகு. 1790இல் இறந்தார். நகாமுரா நகாஸோ என்ற பெயரை அதற்கு முன் யாரும் பெரிதாக்கியிருக்கவில்லை. முன்னோர் யாரும் தராத பெருமையை அந்த ஒருவரே ஒரு பெயருக்குச் சேர்த்துவைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட பெயரை ஏற்பதுதான் மிகக் கடினம். தஞ்சூரோ என்றால் சுமை பல தலைமுறைகளின் மீது பரவி நிற்கும். இரண்டாம் நகாஸோ என்றால் ஒரே ஒரு ஆளோடுதான் ஒப்பிடுவார்கள். அந்த ஆளைப் பார்த்தவர்கள் அரங்கில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதினோராம் மாதம் எடோ நாடக ஆண்டின் தொடக்கம். நடிகர்களின் ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்குத்தான். ஒவ்வோர் அரங்கும் அந்த ஆண்டுக்கான தன் குழுவை 'காவோமிஸே' என்ற முகங்காட்டும் விழாவில் ஊருக்கு அறிமுகப்படுத்தும். பெயர் ஏற்புக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. 1794இன் அந்த விழாவில், கவாராஸாகிஸாவின் ஓத்தானி ஓனிஜி, மியாகோஸாவில் இரண்டாம் நகாமுரா நகாஸோவாக மேடையேறினார். முதலாமவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு வீட்டின் பெயர் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவர் அதைவிட்டு வேறு வீட்டு ஏணிக்குத் தாவியதாக இதைப் பார்க்க வேண்டும். ஹிரோஜியின் மாணவராகவே இருந்திருந்தால் அவர் எதிர்பார்த்திருக்கக்கூடிய உச்சம் ஹிரோஜி என்ற பெயர். ஆசிரியரோ அப்போது நலமாக நடித்துக்கொண்டிருந்தார், 1802 வரை வாழ்ந்தார். நகாஸோ என்ற பெயர் ஆளின்றி இருந்தது. இரண்டுக்கும் பொதுவான ஒன்றும் இருந்தது. முதலாம் நகாஸோவின் பலம் கம்பீரமான தீயவர்கள். ஓனிஜி பயின்றதும் தீயவர் வேடங்களைத்தான். நடுத்தர நடிகர் ஒருவர் துணிந்து எடுத்த மேல்நோக்கிய அடி என்றே நான் இதை மதிக்கிறேன்.

ஷராகு அப்போதும் வரைந்துகொண்டிருந்தார். அவர் ஓவியராக இயங்கியது மொத்தமே பத்து மாதங்கள்தான். ஆனால் அந்தப் பத்து மாதங்களுக்குள் இந்தப் பெயர் மாற்றம் நிகழ்ந்தது வரலாற்று மாணவர்களுக்குக் கிடைத்த நற்பேறு. கோடையில் அவர் வரைந்தது எடோபெய். ஏழாம் மாதத்து நாடகத்துக்காக அதே நடிகரைக் கவாஷிமா ஜிபுகோரோ என்ற பாத்திரத்தில் முழு உருவமாக வரைந்தார். அப்போதும் அவர் ஓனிஜிதான். பதினோராம் மாத மியாகோஸா நாடகத்தில் அவரே நகாஸோ. அரமாகி மிமிஷிரோ என்ற வேடத்திலும், ட்சுச்சிஸோ என்ற உழவனாக மாறுவேடமிட்ட இளவரசர் கொரெதாகா வேடத்திலும் ஷராகு அவரை வரைந்திருக்கிறார்.

இவற்றுள் மிமிஷிரோவின் மார்பளவுப் படம் ஒன்று உண்டு. அந்த வரிசைப் படங்களில், முதல் பருவத்தில் இல்லாத ஒன்றை ஷராகு சேர்த்தார்: நடிகரின் இல்லப் பெயரும் கவிப்பெயரும் படத்திலேயே எழுதப்பட்டன. நம்மவரின் படத்தில் உள்ள எழுத்துகள் 'ஸகாயியா ஷூகாகு'. நகாஸோ என்ற மேடைப் பெயரோடு இறந்தவரின் கவிப்பெயரும் இவருக்கு வந்துவிட்டதை அந்தத் தாள் நேரடியாகக் காட்டுகிறது. ஓனிஜி என்பதன் சுவடே அதில் இல்லை. புதிய பெயர்களை அச்சில் பரப்புவதில் அரங்குக்கும் பதிப்பாளருக்கும் இருந்த ஆர்வத்தை இதில் பார்க்கலாம். அன்று நடிகர் படம் என்பது நாடகம் ஓடும் நாள்களில் விற்றுத் தீர வேண்டிய சரக்கு, நட்சத்திரத்தின் பெயர் மாறினால் அதுவே விற்பனைக்கு ஒரு காரணம்.

கலையளவில் இந்தக் கடைசிப் படங்கள் எடோபெய்க்கு ஈடில்லை. அளவு சிறிது, அப்ரகப் பின்னணி கிடையாது, கோடுகளில் அவசரம் தெரிகிறது. நடிகரின் நிலை உயர்ந்த நேரத்தில் ஓவியரின் கை தளர்ந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தோடு ஷராகு நிறுத்திவிட்டார். முகங்களை உள்ளபடியே வரையப்போய் விகாரமாக்கினார், அதனால் நீடிக்கவில்லை என்று அக்காலத்துக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஷராகு என்பதும் ஒரு புனைபெயர்தான். அவர் ஆவா நாட்டுப் பிரபுவிடம் பணியாற்றிய ஸாயிதோ ஜூரோபெய் என்ற, 'நோ' எனப்படும் பழைய முகமூடி நாடக வகையின் நடிகர் என்று 1844ஆம் ஆண்டின் பதிவு ஒன்று கூறுகிறது. இன்று பல ஆய்வாளர்கள் அதையே ஏற்கிறார்கள்.

புதிய பெயரோடு நகாஸோ ஈராண்டுதான் வாழ்ந்தார். 1796இன் பதினோராம் மாதத்தில், நாற்பதை எட்டாமலேயே இறந்தார். இடைப்பட்ட காலத்தில் உதகாவா பள்ளியைச் சேர்ந்த இளம் ஓவியர்களும் அவரை வரைந்தார்கள். 'ஸுகாவாரா' நாடகத்தின் மட்சுவோமாரு வேடம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. தன் குடும்பம் நன்றிக்கடன் பட்ட பிரபுவின் பிள்ளையைக் காக்கத் தன் மகனையே பலிகொடுக்கும் தந்தை அவன். தீயவன்போல் தோன்றி உள்ளே நொறுங்கும் அந்தப் பாத்திரம் பெரிய நடிகர்களின் உரைகல். வழிப்பறிக்காரன் வேடத்திலிருந்து இரண்டே ஆண்டில் அதற்கு வந்தவரை, பெயர் மட்டும் பெரிது என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் பெயரின் கணக்கு அவருக்குச் சாதகமாக இல்லை. நாடக வரலாற்றில் நகாஸோ என்று சொன்னால் நினைவுக்கு வருபவர் முதலாமவர். இரண்டாமவர் அந்த நிழலில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறார். ஓவிய வரலாற்றிலோ அவர் ஓனிஜி என்றே நிலைத்துவிட்டார், ஏனெனில் படத்தின் தேதியில் அவர் ஓனிஜி. பட்டியல் தயாரிப்பவர்கள் படம் வெளியான நாளில் வழங்கிய பெயரையே தலைப்பாக இடுகிறார்கள். அந்த முறை சரியானது. ஆனால் அதன் விளைவாக ஒரே மனிதரின் படங்கள் இரு வேறு பெயர்களில் பிரிந்துகிடக்கின்றன. ஓனிஜி என்று தேடுபவருக்கு மிமிஷிரோ கிடைப்பதில்லை. நகாஸோ என்று தேடினால் முதலாமவரின் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும், எடோபெய் அவற்றில் இருக்க மாட்டான்.

இரண்டு நகாஸோக்களின் புகழும் ஒரே வகை வேடத்தில் தொடங்கியதை யாரும் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை. ஸதாகுரோவும் வழிப்பறிக்காரன், எடோபெய்யும் வழிப்பறிக்காரன். இருவருமே பிறர் பணத்துக்குக் கை நீட்டி, சில நிமிடங்களில் கதையிலிருந்து விலகுகிறவர்கள். முதலாமவர் அந்தச் சிறு வேடத்தைத் தன் சிந்தனையால் பெரிதாக்கினார், அதை மேடை பாதுகாத்தது. இரண்டாமவரின் சிறு வேடத்தைப் பெரிதாக்கியது ஓர் ஓவியரின் கண், அதைப் பாதுகாத்தது காகிதம். ஷராகுவின் கற்பனையே அந்தக் கைகளையும் முகத்தையும் உருவாக்கியது என்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. மேடையில் அந்த நொடியில் கண்ணை ஒரு பக்கம் ஒதுக்கி, உடலை உறையவைத்து நிறுத்தும் 'மியே' என்ற நிலையை நடிகர் பிடித்துக் காட்டாமல் ஓவியர் எதை வரைந்திருப்பார்?

1796க்குப் பிறகு எடோவில் நகாஸோ என்ற பெயர் நீண்ட காலம் ஏற்க ஆளின்றிக் கிடந்தது. 1865இல்தான் நகாமுரா ட்சுருஸோ என்ற நடிகர் மூன்றாம் நகாஸோ ஆனார். அவர் ஷிகாயாமா நடன ஆசிரியை ஒருவரின் மகன். முதலாமவர் வளர்ந்த அதே நடன மரபின் வழியாகப் பெயர் திரும்பியது. ஓத்தானி வீட்டிலிருந்து வந்து நடுவில் இரண்டு ஆண்டு அந்தப் பெயரைத் தாங்கியவருக்கு அந்த நடன மரபில் பங்கில்லை. ஆனால் அவரை விட்டுவிட்டு எண்ணினால் ட்சுருஸோ மூன்றாமவராக முடியாது.